முதுகில் கட்டி, கையில் ‘நியூக்ளியர்’ தேதி: அம்மாவுக்காக ஒரு மகளின் கேள்வி

மலேசியாவின் தெற்குக் கெடாவில், பாடாங் செராயை ஒட்டிய ஒரு தோட்டப் பட்டணத்திலிருந்து 31 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், விட்டுவிட்டேன். கடிதத்தின் சாரம் இது.

அவருடைய அம்மாவுக்கு 58 வயது. இருபது ஆண்டுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு சில காலம் உதிரிப்பழம் பொறுக்கினார். ஏழு ஆண்டுகளுக்கு முன் இடது மார்பகத்தில் புற்றுநோய் கண்டு அறுவையும் கதிர்வீச்சுச் சிகிச்சையும் நடந்தன. பிறகு ஐந்து ஆண்டுகள் தினம் ஒரு மாத்திரை. அதோடு அந்தக் கதை முடிந்தது என்று குடும்பம் நிம்மதியாக இருந்தது. நான்கு மாதங்களுக்கு முன் நடுமுதுகில் வலி தொடங்கியது. வயதுக் கோளாறு என்று எண்ணி, எண்ணெய் போட்டு நீவிவிடும் பெரியவர் ஒருவரிடம் ஆறு முறை போனார்கள். வலி குறையவில்லை. படுத்தால் கூடுகிறது, இரவு இரண்டு மணிக்கு எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே விடியவைக்கிறார். எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, நெஞ்சுப் பகுதியின் ஒன்பதாவது முள்ளெலும்பு சற்று நசுங்கியிருப்பதும், அதில் ஒரு கட்டி இருப்பதும், கட்டி தண்டுவடத்தை இலேசாகத் தொட்டுக்கொண்டிருப்பதும் தெரிந்தன. அறுவை மருத்துவர், முதலில் பினாங்கில் நியூக்ளியர் எலும்பு ஸ்கேன், அடுத்து பயாப்ஸி (கட்டியிலிருந்து சிறிது சதையை எடுத்துச் சோதிப்பது), அதன்பிறகே அறுவையைப் பற்றிப் பேச்சு என்று சொல்லிவிட்டார். ஸ்கேன் தேதிக்கு இன்னும் 18 நாள் இருக்கிறது.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. எம்.ஆர்.ஐ.யிலேயே கட்டி தெரிந்துவிட்டதே, இன்னொரு ஸ்கேன் எதற்கு, நாளைக் கடத்துகிறார்கள் என்கிறார் அண்ணன். ‘நியூக்ளியர்’ என்ற சொல்லைக் கேட்டதுமே மாமா, கதிரியக்கக் கழிவால் மக்கள் போராடிய புக்கிட் மேராவை நினைவுபடுத்துகிறார். அவருக்குத் தெரிந்த ஒருவருக்கு ஸ்கேனில் உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி வந்ததும், ‘இனி அறுவை வேண்டாம்’ என்று அனுப்பிவிட்டார்களாம். ஆகவே பார்க்காமல் இருப்பதே நல்லது என்பது அவர் கட்சி. அம்மாவிடம் ‘எலும்புத் தேய்மானம்’ என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறார்கள். எழுதிய மகளோ ஐந்து மாதக் கர்ப்பிணி. அவர் கேட்பவை: ஸ்கேனைத் தவிர்த்து நேராக அறுவைக்குப் போகலாமா? கதிர்வீச்சு அம்மாவுக்கும் கூடப்போகும் எனக்கும் கேடு செய்யுமா? புள்ளிகள் வந்தால் அம்மாவைக் கைவிட்டுவிடுவார்களா? அம்மாவிடம் உண்மையைச் சொல்லத்தான் வேண்டுமா?

அன்பு மகளுக்கு,

நான் முதுகெலும்பு அறுவை மருத்துவனாக இருந்து ஓய்வு பெற்றவன். லயத்து வீட்டில் பிறந்தவன் என்பதால் உங்கள் வீட்டுக் கூடத்தில் நடக்கும் விவாதம் எனக்குப் புதிதல்ல. என் அம்மாவின் கால் வீக்கத்துக்கு வரிசை முழுவதும் வந்து வைத்தியம் சொன்ன நாள் நினைவிருக்கிறது. உங்கள் கேள்விகளுக்குப் போகுமுன் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான்கு பக்கத்தில் வலியைப் பற்றி இவ்வளவு எழுதிய நீங்கள், அம்மாவின் கால்களைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

கால்தான் முதல் கணக்கு

கட்டி தண்டுவடத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்றால், இந்த 18 நாளும் நீங்கள் கவனிக்க வேண்டியது அம்மாவின் நடையை. படியேறும்போது கால் கனக்கிறதா, நடை தள்ளாடுகிறதா, செருப்பு தானாகக் கழன்றுபோவது தெரியாமல் இருக்கிறதா, வயிற்றைச் சுற்றி வார் கட்டியதுபோல் இறுக்கமோ மரமரப்போ இருக்கிறதா, தொடையிடுக்கில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா, சிறுநீர் வர மறுக்கிறதா, அல்லது தெரியாமலே போகிறதா? தினமும் காலையில் ஒரு முறை கேளுங்கள். கூச்சப்பட்டு மறைப்பார், ஆகவே நடக்கச் சொல்லி நீங்களே பாருங்கள்.

இவற்றில் ஒன்று தென்பட்டாலும் ஸ்கேன் தேதி, பயாப்ஸி தேதி எல்லாவற்றையும் மறந்துவிட்டு அன்றே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். நள்ளிரவானாலும் அன்றே. எம்.ஆர்.ஐ. குறுந்தட்டும் பழைய மார்பக அறுவைக் காகிதங்களும் கையில் இருக்கட்டும். அப்போது எலும்பு ஸ்கேன் இல்லாமலேயே சிகிச்சை தொடங்கும். ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள். தண்டுவடத்தின் மீதுள்ள அழுத்தத்தை அறுவையாலோ கதிர்வீச்சாலோ இறக்குவார்கள். சிகிச்சைக்கு நடந்து வந்தவர் நடந்தே வீடு திரும்பும் வாய்ப்பு அதிகம். கால் முழுவதும் விழுந்த பிறகு வந்தவரை எழுப்பி நடக்கவைப்பது கடினம். என் அனுபவத்தில் குடும்பங்கள் தவறிய இடம் பெரும்பாலும் இதுதான். ‘அடுத்த வாரம்தான் தேதி இருக்கிறதே’ என்று கால் தளர்ந்த அம்மாவை வீட்டிலேயே வைத்திருப்பார்கள்.

இன்னொன்று. நீவிவிடுவதை இன்றோடு நிறுத்துங்கள். அந்தப் பெரியவர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் கைக்கு எம்.ஆர்.ஐ. தெரியாது. நசுங்கிய முள்ளெலும்பின் மேல் முழங்கையால் அழுத்துவதும் முதுகை முறித்துவிடுவதும் எலும்பை மேலும் சரியவைக்கக்கூடும்.

கால் நன்றாக இருந்தால் 18 நாள் காத்திருப்பது பெரும்பாலும் தாங்கக்கூடியதே. ஆனாலும் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: “தண்டுவடம் எவ்வளவு அழுந்தியிருக்கிறது? இந்தத் தேதிவரை காத்திருப்பது உங்களுக்குச் சம்மதமா? யாராவது ரத்து செய்தால் முன்னதாக இடம் கிடைக்குமா?” கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

எம்.ஆர்.ஐ. இருக்க இது எதற்கு?

உங்கள் அண்ணனின் சந்தேகம் நியாயமானது. ஆனால் இரண்டு ஸ்கேனும் ஒரே கேள்வியைக் கேட்பதில்லை. எம்.ஆர்.ஐ. அந்த ஒன்பதாவது முள்ளெலும்பை மிக நுணுக்கமாகக் காட்டுகிறது: கட்டி எவ்வளவு பெரிது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, தண்டுவடத்துக்கும் அதற்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர். எலும்பு ஸ்கேனோ மண்டையோட்டிலிருந்து கணுக்கால்வரை எல்லா எலும்பையும் ஒரே படத்தில் பார்க்கிறது. அறுவை மருத்துவர் அதனிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இந்தக் கட்டி தனியாக இருக்கிறதா, கூட்டத்தோடு இருக்கிறதா?

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. எலும்பு உயிருள்ள பொருள். பழையது கரைந்துகொண்டும் புதியது கட்டப்பட்டுக்கொண்டும் இருக்கும். எலும்பு கட்டுவதற்கு உடல் இழுத்துக்கொள்ளும் பாஸ்பேட்டைப் போன்ற ஒரு சேர்மத்தோடு, டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு சேர்த்து நரம்பில் ஊசியாகப் போடுவார்கள். எங்கே எலும்பு அவசர அவசரமாகக் கட்டப்படுகிறதோ அங்கே அது கூடுதலாகப் போய் ஒட்டும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, உடலிலிருந்து வெளிவரும் கதிர்களைக் காமா கேமரா படமாக்கும். அந்த இடங்கள் கறுத்துத் தெரியும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அண்ணன், மாமா இருவருக்கும் இதைச் சொல்லுங்கள். அந்த மருந்து புற்றுநோயைத் தேடிப் போவதில்லை. எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும் இடத்தைத் தேடிப் போகிறது. மேட்டில் நின்று லயத்தைப் பார்த்தால் எந்த வீட்டுக் கூரையில் புகை எழுகிறது என்று தெரியும். உள்ளே சோறு பொங்குகிறதா, வீடு பற்றிக்கொண்டதா என்பது கிட்டப் போனால்தான் தெரியும். கிட்டப் போவதுதான் பயாப்ஸி.

ஆகவே உங்கள் அம்மாவின் படத்தில் சில கறுப்புகள் வந்தே தீரும் என்று இப்போதே எழுதித் தருகிறேன். பல ஆண்டு உளி பிடித்த மணிக்கட்டு, காண்டா வாளி சுமந்த தோள், சரிவில் ஏறி இறங்கிய முழங்கால் எல்லாம் தேய்ந்திருக்கும். தேய்ந்த மூட்டு கறுக்கும். பழைய முறிவும் சில நேரம் கறுக்கும். எப்போதோ வழுக்கி விழுந்து விலாவில் அடிபட்டிருந்தால் அதுவும் கறுக்கலாம். இரண்டு சிறுநீரகங்களும் சிறுநீர்ப்பையும் எல்லோருக்கும் கறுப்பாகத்தான் தெரியும், மருந்து அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் புள்ளிகளை எண்ணும் வேலையைத் தயவுசெய்து வீட்டில் செய்யாதீர்கள்.

மறுபக்கமும் உண்டு. சில நோய்கள் எலும்பை அரித்துக்கொண்டே போகும். திருப்பிக் கட்ட விடாது. மையலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் அப்படிப்பட்டது. சிறுநீரகத்திலிருந்தும் தைராய்டிலிருந்தும் பரவியவையும் சில நேரம் அப்படித்தான். அங்கே எலும்பு ஸ்கேன் சுத்தமாக இருப்பதுபோல் ஏமாற்றும். அதனால்தான் ரத்தப் பரிசோதனைகளும் நெஞ்சு, வயிற்றுப் பகுதிக்கு சி.டி. ஸ்கேனும் கூடவே எழுதுவார்கள். எம்.ஆர்.ஐ. முழு முதுகெலும்புக்கும் எடுத்ததா, வலித்த பகுதிக்கு மட்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வலிக்காத இடத்திலும் முள்ளெலும்பில் கட்டி இருக்கக்கூடும்.

‘இது பழைய நோய்தான்’ என்ற அவசரம்

கடிதத்தில் மூன்று இடத்தில் “கேன்சர் திரும்பிவிட்டது” என்று எழுதியிருக்கிறீர்கள். முன்கதையைப் பார்த்தால் எந்த மருத்துவருக்கும் அதுதான் முதலில் தோன்றும், எனக்கும் தோன்றுகிறது. மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் போகும் வழக்கம் உடையது. பல ஆண்டு அமைதிக்குப் பிறகும் போகும். ஆனால் இன்னும் யாரும் அந்தச் சதையை நுண்ணோக்கியில் பார்க்கவில்லை. காசநோய் நம் நாட்டில் ஒழிந்துவிடவில்லை. முதுகெலும்பைப் பிடித்த காசநோய் கட்டி வேடம் போடுவதை நான் பார்த்திருக்கிறேன்; அதற்குப் பல மாத மாத்திரைதான் முதன்மைச் சிகிச்சை, எல்லோருக்கும் அறுவை தேவைப்படாது. அம்மா ஐந்து ஆண்டு சாப்பிட்ட மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அனாஸ்ட்ரசோல், லெட்ரசோல் வகையாக இருந்தால் அவை எலும்பை மெலியவைக்கும்; மெலிந்த எலும்பு தானாகவே நசுங்கும். பழைய மருந்துச் சீட்டைத் தேடி எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

பழைய நோயே திரும்பியிருந்தாலும் பயாப்ஸி வீண்போகாது. ஏழு ஆண்டுகளுக்கு முன் ஹார்மோனுக்குக் கட்டுப்பட்ட கட்டி, இப்போதும் அதே குணத்தோடு இருக்கும் என்று உறுதி இல்லை. எந்த மருந்து என்பது அந்தக் குணத்தைப் பொறுத்தது. எலும்பு ஸ்கேன் இங்கேயும் கைகொடுக்கும். முதுகெலும்பைவிட எளிதாக ஊசி வைக்கக்கூடிய இடத்தில், இடுப்பெலும்பில் என்று வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு சந்தேகப் புள்ளி இருந்தால் தண்டுவடத்துக்குப் பக்கத்தில் ஊசி போகாமலேயே சதையை எடுத்துவிடலாம்.

ஸ்கேனை அறுவைக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாமே என்று அடுத்து அண்ணன் கேட்பார். கூடாது. வெட்டிய எலும்பும் திருகாணி இறங்கிய எலும்பும் பல மாதங்களுக்குத் தம்மைக் கட்டிக்கொண்டே இருக்கும்; படத்தில் அந்தப் பகுதி முழுவதும் கறுத்துப்போய், எது நோய், எது காயம் என்று பிரிக்க முடியாமல் ஆகிவிடும்.

ஸ்கேன் முடிவு அறுவையை எப்படி மாற்றும்?

மாமாவின் பயம் இங்கேதான் இருக்கிறது. அதை நான் இலேசாகத் தள்ளிவிடப் போவதில்லை. ஸ்கேன் முடிவால் அறுவை மாறும் என்பது உண்மை. மாறுவதும் கைவிடுவதும் ஒன்றல்ல.

கட்டி ஒன்பதாவது முள்ளெலும்பில் மட்டும் தனியாக இருந்து, நோயும் மெதுவாக வளரும் வகையாக இருந்தால், அதை முடிந்தவரை முழுமையாக எடுக்கும் பெரிய அறுவையைப் பற்றிப் பேச இடமுண்டு. பல மணி நேர வேலை. இரத்தம் நிறையப் போகும். தேறிவர மாதங்கள் ஆகும். தனிக்கட்டியாக இருந்தால் அந்தத் துன்பத்துக்குப் பொருள் உண்டு. பல எலும்புகளில் பரவியிருந்தால் அதே அறுவை அம்மாவின் நாட்களைக் கூட்டாது; மருத்துவமனைப் படுக்கையில் கழியும் நாட்களைத்தான் கூட்டும். அப்போது சிறிய அறுவை போதும்: தண்டுவடத்துக்கு இடம் விட்டு, முதுகெலும்பைத் திருகாணியும் கம்பியும் கொண்டு நிறுத்தி, மீதியைக் கதிர்வீச்சுக்கும் மாத்திரைக்கும் விட்டுவிடுவது. சிலருக்கு அறுவையே இல்லாமல் கதிர்வீச்சு மட்டும். எலும்பை உறுதியாக்கும் சொலெட்ரோனிக் அமில ஊசியும் இதில் சேரலாம். அதற்கு முன் பல் மருத்துவரிடம் காட்டிக்கொள்ள வேண்டும்.

பரவிய நோயிலும் அறுவைக்கு இடமுண்டு என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. புற்றுநோய் பரவித் தண்டுவடம் அழுந்திய 101 நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று 2005-இல் வெளிவந்தது. அழுத்தத்தை அறுவையால் நீக்கிப் பிறகு கதிர்வீச்சும் பெற்றவர்களில் 84 சதவீதத்தினர் நடக்க முடிந்தவர்களாக இருந்தார்கள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 சதவீதத்தினர். அவர்கள் எல்லோருமே ஏற்கெனவே நோய் பரவியவர்கள்தான். அவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட நோயாளிகள் என்பதால் அம்மாவுக்கும் இதே எண் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். பரவியதும் கதவு மூடிவிடுகிறது என்ற எண்ணம் தவறு என்பதற்கு மட்டும் இதைச் சொல்கிறேன். மார்பகப் புற்றுநோய் எலும்புக்கு மட்டும் பரவியிருக்கையில், பொருத்தமான மாத்திரைகளோடு பல ஆண்டுகள் வீட்டு வேலை பார்த்து வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். மாமாவுக்குத் தெரிந்தவரின் நோய் எது, உடல்நிலை எப்படி இருந்தது என்று நமக்குத் தெரியாது. நுரையீரல், ஈரல் புற்றுநோய்களின் கதையெல்லாம் வேறு.

இந்த முடிவுக்கு மருத்துவர்கள் சில மதிப்பெண் முறைகளை வைத்திருக்கிறார்கள். ஜப்பானிய மருத்துவர் டோக்குஹாஷியின் பட்டியல் 1990-இல் வந்து 2005-இல் திருத்தப்பட்டது. முதுகெலும்புக்கு வெளியே எத்தனை எலும்புகளில் நோய் இருக்கிறது, எத்தனை முள்ளெலும்புகளில் இருக்கிறது என்ற இரண்டும் அதில் தனித்தனிக் கேள்விகள். அவற்றுக்கு விடை எழுத எலும்பு ஸ்கேன் வேண்டும். முதுகெலும்பு எவ்வளவு ஆட்டம் கண்டிருக்கிறது என்பதற்கு 2010-இல் வந்த ‘சின்ஸ்’ என்ற இன்னொரு கணக்கு உண்டு. 18-க்கு 13-உம் அதற்கு மேலும் வந்தால் நிலையில்லாத எலும்பு என்று பொருள். உங்கள் மருத்துவரிடம் அம்மாவின் எண்ணைக் கேட்கலாம். எண்ணை வைத்து மட்டும் யாரும் கத்தி எடுப்பதில்லை, எடுக்காமல் இருப்பதும் இல்லை. புதிய மருந்துகள் வந்தபிறகு பழைய பட்டியல்கள் கொஞ்சம் அவநம்பிக்கைப் பக்கம் சாய்ந்தவை என்பது என் கருத்து.

குடும்பங்களுக்கு யாரும் சொல்லாத ஒரு பயனும் உண்டு. ஸ்கேனில் சில நேரம் தொடையெலும்பில் ஒரு புள்ளி வரும். நோயாளிக்கு அங்கே வலியே இருந்திருக்காது. அதைக் கவனிக்காமல் முதுகை மட்டும் சரிசெய்து, நான்காம் நாள் எழுப்பி நடக்கவிட்டால் தொடை முறிந்துவிடும். முன்பே தெரிந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, தேவையானால் தொடைக்குள் ஒரு கம்பி வைத்துவிட்டே நடக்கவிடுவோம்.

மாமாவின் புக்கிட் மேரா

உங்கள் மாமாவை யாரும் கேலி செய்யாதீர்கள். 1980-களில் பேராக்கின் புக்கிட் மேராவில் அரிய மண் ஆலையின் கழிவுக்குப் பக்கத்தில் வாழ்ந்த மக்கள் நீதிமன்றம்வரை போனது நம் தலைமுறையின் நினைவு. கதிரியக்கம் என்றதும் நடுங்குவது அறியாமை அல்ல. ஆனால் பொருள் எது என்று பார்க்க வேண்டும். அந்தக் கழிவில் இருந்தது தோரியம். அதன் வீரியம் பாதியாகக் குறைய 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். அம்மாவுக்குப் போடப்போகும் டெக்னீஷியம் பாதியாவதற்கு 6 மணி நேரம். ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதிலும் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும்.

எலும்பு ஸ்கேனில் உடல் வாங்கும் கதிரளவு சுமார் 4 மில்லிசீவர்ட் (கதிரளவின் அலகு). மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக ஒரு மனிதர் ஓராண்டில் வாங்கும் உலகச் சராசரி 2.4. ஆக இரண்டு ஆண்டுக்கும் குறைவான இயற்கை அளவு. ஏழு ஆண்டுகளுக்கு முன் அம்மா மார்பில் சிகிச்சையாக வாங்கிய கதிர்வீச்சுக்கு முன்னால் இது ஒரு கணக்கே இல்லை. முற்றிலும் ஆபத்தற்றது என்று சொல்ல மாட்டேன். காரணமில்லாமல் யாருக்கும் இதை எடுக்கக் கூடாது. இங்கே காரணம் இருக்கிறது.

உங்கள் நிலை வேறு. கர்ப்பிணியான நீங்கள் அன்று அம்மாவுடன் போக வேண்டாம், அண்ணன் போகட்டும். ஊசி போட்டபின் சில மணி நேரம் அம்மாவின் உடலிலிருந்து கதிர் வெளிவரும். பக்கத்தில் இருந்தாலும் நீங்கள் வாங்கும் அளவு சிறியதுதான், பதறத் தேவையில்லை. ஆனால் எளிதாகத் தவிர்க்கக்கூடியதை வயிற்றுப் பிள்ளைக்காகத் தவிர்த்துவிடலாம். அன்றிரவு வேறு அறையில் படுங்கள். மறுநாள் காலை வழக்கம்போல் அம்மாவின் பக்கத்தில் உட்காரலாம்.

ஸ்கேன் நாளன்று அண்ணனுக்கு

தேதியைத் தவறவிடக் கூடாது. டெக்னீஷியத்தை வாங்கி அலமாரியில் வைக்க முடியாது. ஈயக் கவசத்துக்குள் இருக்கும் மாலிப்டினத்திலிருந்து அது ஊறிக்கொண்டே இருக்கும். காலையில் வடித்து எடுத்து அன்றே பயன்படுத்த வேண்டும். அம்மாவுக்குச் சொன்னால் உடனே புரியும், பால்மரம் மாதிரிதான். போகாவிட்டால் வடித்த மருந்து வீண். எப்போதாவது அந்தக் கவசப் பெட்டி வந்துசேரத் தாமதமாகி மருத்துவமனையே தேதியை மாற்றினால், அது அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. வழக்கமான மாத்திரைகளைச் சாப்பிடலாம். ஊசியை வலது கையில் போடச் சொல்லுங்கள். இடப்பக்க மார்பகத்தில் அறுவை நடந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊசிக்கும் படத்துக்கும் இடையே நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும். இதயமோ சிறுநீரகமோ பலவீனம் என்றால் எவ்வளவு தண்ணீர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உடையில் ஒரு சொட்டுச் சிறுநீர் பட்டாலும் படத்தில் அது தொடையெலும்புப் புள்ளிபோல் தெரிந்து எல்லோரையும் கலங்கடிக்கும். மாற்றுக் கைலி ஒன்று பையில் இருக்கட்டும்.

படம் எடுக்க அரை மணி நேரமோ சற்றுக் கூடுதலாகவோ அசையாமல் மல்லாந்து படுக்க வேண்டும். படுத்தால் வலிக்கும் ஒருவருக்கு இதுதான் பெரிய சோதனை. வலி மாத்திரையை எத்தனை மணிக்குக் கொடுத்தால் அந்த நேரத்துக்கு வேலை செய்யும் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். வலியில் அம்மா நெளிந்தால் படம் கலங்கிப்போகும். பழைய முறிவுகள், விழுந்த கதைகள், மூட்டு வலிகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். படம் படிக்கும் மருத்துவருக்கு அந்தத் தாள் பாதி வேலையை முடித்துக்கொடுக்கும்.

தனியாரில் சீக்கிரம் எடுக்கலாமா என்று ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அறுவை மருத்துவர் சம்மதித்தால் எடுக்கலாம். அறிக்கையோடு படங்கள் அடங்கிய குறுந்தட்டையும் வாங்கிவர வேண்டும். ஆனால் கடன் வாங்காதீர்கள். புற்றுநோய் என்று உறுதியானால் பெற்றோரின் சிகிச்சைக்கு உங்கள் ஊழியர் சேமநிதியிலிருந்து மருத்துவப் பணம் எடுக்க வழியிருக்கிறது. அரசு மருத்துவமனையிலுள்ள மருத்துவச் சமூகப் பணி அதிகாரியையும் பாருங்கள். இம்ப்ளாண்ட், மருந்துச் செலவு வரும்போது உதவி நிதிக்கு வழிகாட்டுவது அவர்கள் வேலை.

அம்மாவிடம் சொல்வது

இதில் உங்கள் குடும்பத்தோடு நான் மாறுபடுகிறேன். ‘எலும்புத் தேய்மானம்’ என்ற பொய் பினாங்குவரை தாங்காது. அணு மருத்துவப் பிரிவின் வாசலில் கதிர்வீச்சு எச்சரிக்கைச் சின்னத்தைப் பார்த்ததும், பக்கத்து நாற்காலியில் தலைமுடி கொட்டிய பெண்ணைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிடும். ஏழு ஆண்டுகளுக்கு முன் எல்லாவற்றையும் கடந்து வந்தவர் அவர். ஒருவேளை இப்போதே தெரிந்துகொண்டு உங்களுக்காகத் தெரியாததுபோல் இருக்கிறாரோ என்னவோ. இரவு இரண்டு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து அவர் என்ன நினைக்கிறார் என்று யாராவது கேட்டீர்களா?

சட்டப்படியும் வேறு வழி இல்லை. தெளிந்த மனத்தோடிருக்கும் பெரியவருக்கு அறுவைச் சம்மதக் கையெழுத்தை அவரேதான் போட வேண்டும்; மகனோ தம்பியோ போட முடியாது. முடிவெடுக்கத் தேவையான ஆபத்துகளை மருத்துவர் நோயாளியிடமே சொல்லியாக வேண்டும் என்பதை நம் கூட்டரசு நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஒரு தீர்ப்பில் நிறுவியது. அதுவும் முதுகெலும்பு அறுவைக்குப் பின் செயலிழந்த ஒரு பெண்ணின் வழக்குதான். அம்மாவுக்கு மலாய் சந்தைக்குப் போதும், சம்மதப் படிவத்துக்குப் போதாது என்றால், தமிழ் தெரிந்த தாதியையோ மருத்துவரையோ கேளுங்கள். மொழிபெயர்க்கும் வேலையை மாமாவிடம் கொடுக்காதீர்கள்; நல்ல மனசுக்காரர்தான், ஆனால் பாதியை விழுங்கிவிடுவார்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டாம். “முதுகெலும்பில் ஒரு கட்டி தெரிகிறது அம்மா. என்ன கட்டி என்று இன்னும் தெரியாது. வேறெங்கும் இருக்கிறதா என்று பார்க்கப் பினாங்குக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.” இந்த மூன்று வாக்கியமும் இன்றைய நிலவரப்படி முழு உண்மை. ஆலோசனை நாளில் மருத்துவரிடம் கேட்க வேண்டியதையும் அவரே தீர்மானிக்கட்டும். நடந்தால் போதும் என்பாரா, வலி இல்லாமல் படுத்தால் போதும் என்பாரா, பேரப்பிள்ளை பிறக்கும்போது வீட்டில் இருக்க வேண்டும் என்பாரா? பிரசவ மாதத்தை மருத்துவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அறுவைத் தேதி குறிக்கும்போது அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

பயாப்ஸி முடிவு வந்ததும், பழைய மாத்திரையின் பெயரோடு எழுதுங்கள். கால் தளர்ந்தால் எனக்கு எழுத உட்காராதீர்கள், வண்டியை எடுங்கள்.